நிற்கும்போது அணையும் எஞ்சினும் நாம் விற்கும் பற்றரியும்

கலர் லைட்டில் பிரேக்கை மிதித்ததும் எஞ்சின் தானாக அணைகிறது. பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் தானாக ஸ்டார்ட் ஆகிறது. ஜப்பானிலிருந்து வந்த சிறிய கார்களில் இது இன்று சர்வசாதாரணம். வெகன் ஆர், ஸ்பேசியா, மீரா, விட்ஸ், பாஸோ என்று பெயர்ப் பட்டியல் நீண்டது. ஆனால் இந்த வசதியைப் பற்றி எம்மவர் மத்தியில் நிலவும் அபிப்பிராயங்களோ மூன்றுதான். இது ஒரு கோளாறு என்பது ஒன்று. இது பற்றரியைத் தின்கிறது என்பது இன்னொன்று. இதை வெட்டி விடுவதே நல்லது என்பது மூன்றாவது. முப்பது வருடமாக உதிரிப்பாக வியாபாரத்தில் இருப்பவன் என்ற வகையில் இம்மூன்றையும் நான் கிழமைக்குப் பத்துத் தடவை கேட்கிறேன். மூன்றிலும் சற்று உண்மை உண்டு. ஆனால் வாகனச் சொந்தக்காரருக்கு இதனால் ஏற்படும் நட்டத்தில் பெரும்பகுதி காரினால் வருவதல்ல. அந்தக் காரை விற்றவரும், அதற்குப் பற்றரி மாற்றியவரும் சொல்லாமல் விட்டதனால் வருவது. இந்த வாரம் அதைப் பற்றி எழுதுகிறேன்.

ஒருவர் வந்து, "நானா, காரு நிக்கக்கொள்ள எஞ்சின் ஓஃப் ஆகுது, என்னமோ பழுது போல" என்பார். அடுத்த நாள் இன்னொருவர் வந்து, "நானா, முந்தி ஓஃப் ஆகின காரு இப்ப ஓஃப் ஆகுதில்ல, பழுதாப் பெய்த்து போல" என்பார். முதலாமவருக்குச் சொல்ல வேண்டிய விடை இலகுவானது. அது பழுதல்ல, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். இரண்டாமவரின் கேள்விதான் கவனிக்கப்பட வேண்டியது.

இது ஏதோ நேற்று முளைத்த நுட்பம் என்று எண்ணிவிட வேண்டாம். 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர், 1970களின் நடுப்பகுதியிலேயே டொயோட்டா நிறுவனம் தனது கிரௌன் காரில், வாகனம் நின்று ஒன்றரை விநாடியில் எஞ்சினை அணைக்கும் கருவியொன்றைப் பொருத்திப் பார்த்தது. டோக்கியோ நெரிசலில் 10 வீதம் எரிபொருள் மிச்சம் என்று அப்போது சொல்லப்பட்டது. 1994இல் வொக்ஸ்வாகன் நிறுவனம் கோல்ஃப் எக்கோமெட்டிக் என்ற பெயரில் இதையே சந்தைக்குக் கொண்டு வந்தது. சனம் விரும்பவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் வாகனத்தின் சத்தம் திடீரென நின்றால் எவருக்கும் நெஞ்சு ஒருமுறை திடுக்கிடத்தான் செய்யும்.

பிறகு எப்படி இது உலகமெங்கும் பரவியது? பெரும்பாலும் சட்டத்தினால்தான். 2009ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம், புதிய கார்கள் வெளிவிடும் காபனீரொட்சைட்டின் சராசரி கிலோமீற்றருக்கு 130 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்று சட்டமியற்றியது. ஜப்பானில் எரிபொருள் மிச்சம் பிடிக்கும் கார்களுக்கு வரிச் சலுகை கிடைத்தது. அங்கே 660 சீசீ கார்களுக்கிடையே ஒரு குத்துச்சண்டையே நடந்தது. 2011 செப்டெம்பரில் டைஹட்சு நிறுவனம் மீரா ஈ:எஸ் காரை லீற்றருக்கு 30 கிலோமீற்றர் என்று அறிவித்து இறக்கியது. அடுத்த ஆண்டு செப்டெம்பரில் சுசூகி நிறுவனம் புதிய வெகன் ஆரை 28.8 கிலோமீற்றர் என்று கொண்டு வந்தது. 2014 ஆகஸ்டில் அதே வெகன் ஆர் 32.4 ஆகிவிட்டது. மீரா வேகம் 7 கிலோமீற்றருக்கு இறங்கியதுமே எஞ்சினை அணைத்தது. வெகன் ஆரோ 13 கிலோமீற்றரிலேயே அணைத்தது. அதாவது கார் முற்றாக நிற்பதற்கு முன்னரே எஞ்சின் நின்றுவிடும்.

இந்த இலக்கங்களை நம்பித்தான் எமது நாட்டில் பலர் கார் வாங்கினார்கள். 2015 ஜனவரி இடைக்கால வரவு செலவுத் திட்டத்தில் ஆயிரம் சீசீக்குக் குறைந்த கார்களின் வரி குறைக்கப்பட்டதும் இவை கூட்டம் கூட்டமாக வந்திறங்கின. "லீட்டருக்கு முப்பது ஓடும்" என்று கார் சேல்காரர் சொன்னார். வாங்கியவருக்கு நகரத்துக்குள் அதில் பாதி கிடைத்தால் பெரிய காரியம். விற்றவர் பொய் சொன்னாரா? ஜப்பானியக் கடதாசியில் இருந்ததைத்தான் சொன்னார். ஆனால் அந்த இலக்கம் எப்படி வந்தது என்பதை அவர் சொல்லவில்லை, அனேகமாக அவருக்கே தெரியாது.

அது ஜேசீ08 என்ற சோதனையில் பெறப்பட்ட இலக்கம். காரை உருளைகளின் மேல் ஏற்றி 1,204 விநாடி ஓட்டுவார்கள். அந்த நேரத்தில் ஏறத்தாழ 30 வீதம் கார் நின்றபடியே இருக்கும். ஏ.சி. போடமாட்டார்கள். நிற்கும் நேரம் முழுக்க எஞ்சின் அணைந்திருந்தால் அந்த 30 வீத நேரத்துக்கு எரிபொருள் செலவே இல்லை. இலக்கம் அழகாக வரும். ஏ.சி. இல்லாமல் மதியம் ஒரு மணிக்கு மருதானையில் கார் ஓட்டுபவர் எத்தனை பேர்? பின்னர், 2018 அக்டோபர் முதல் ஜப்பானில் டபிள்யூ.எல்.டீ.சீ. என்ற வேறு சோதனை நடைமுறைக்கு வந்தது. அதில் நிற்கும் நேரம் முன்னையதில் ஏறக்குறைய பாதிதான். அதற்குப் பின் நடந்ததைப் பாருங்கள். 2020இல் வெளிவந்த டொயோட்டா யாரிஸின் பெற்றோல் மாதிரிகளில் இந்த வசதியே இல்லை. அமெரிக்காவிலும் 2025 மே மாதம் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் தலைவர், இதை யாருமே விரும்புவதில்லை என்று வெளிப்படையாகவே கூறி, இதற்காக உற்பத்தியாளருக்குக் கிடைக்கும் சலுகைப் புள்ளிகளைக் கைவிடப் போவதாக அறிவித்தார். எனவே, இது சோதனைச்சாலைக்காகப் பிறந்த பிள்ளை என்று சொல்வோரை நான் முற்றாக மறுக்க மாட்டேன்.

ஆனால் அதற்காக இது வெறும் ஏமாற்று வேலையுமல்ல. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சிறிய கார் நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிட்டால் மணிக்கு அரை லீற்றர் பெற்றோல் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளவத்தையிலிருந்து தெமட்டகொடைக்கு வேலைக்குப் போய் வருபவர், போக்குவரத்து இரண்டிலும் சேர்த்து நாளொன்றுக்கு அரை மணித்தியாலம் நின்றே கழிக்கிறார். நாளைக்குக் கால் லீற்றர். மாதம் 25 நாள் என்றால் ஆறேகால் லீற்றர். வருடத்துக்கு 75 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று கணக்கிட்டால் 22,500 ரூபா. எமது வெயிலில் ஏ.சி. காரணமாகப் பாதி நேரம்தான் எஞ்சின் அணைந்திருக்கும் என்று கழித்தாலும் 11,250 ரூபா மிஞ்சும். அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கம் 2014இல் சோதித்துப் பார்த்து 5 முதல் 7 வீதம் வரை மிச்சம் என்று சொன்னதும் இந்த ஊர்க்கணக்குக்கு வெகுதூரத்தில் இல்லை.

அதேவேளை, கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போய் வருபவருக்கு இதனால் ஒரு சதமும் மிஞ்சப் போவதில்லை. அந்த வீதியில் அவர் எங்கே நிற்கிறார்? புத்தளத்துக்கும் மன்னாருக்கும் ஓடுபவருக்கும் அப்படியே. 2021 டிசம்பரில் 177 ரூபாவாக உயர்ந்த 92 ஒக்டேன் பெற்றோல், 2022 ஜூன் இறுதியில் 470 ரூபாவாகியதைக் கண்ட நாட்டில் துளியும் பெறுமதிதான். என்றாலும் யாருக்கு மிச்சம், யாருக்கு இல்லை என்பதை விற்பவர் சொல்ல வேண்டாமா?

"அணைத்து அணைத்து ஸ்டார்ட் பண்ணினால் கூடுதலாகப் பெற்றோல் போகுமே" என்பார்கள். அது கார்பரேட்டர் காலத்துக் கதை. இன்றைய இன்ஜெக்டர் எஞ்சினில், பத்து விநாடிக்கு மேல் நிற்பதானால் அணைப்பதே இலாபம் என்று அமெரிக்காவின் ஆர்கொன் தேசிய ஆய்வுகூடம் அளந்து சொல்லியிருக்கிறது. "ஸ்டார்ட்டர் மோட்டார் தேய்ந்து போகுமே" என்பது அடுத்த கேள்வி. சாதாரண ஸ்டார்ட்டர் சில பத்தாயிரம் தடவைகளுக்காகச் செய்யப்படுவது. இந்தக் கார்களில் இருப்பது சில இலட்சம் தடவைகளைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது. 2014இன் பின்வந்த எஸ்-எனேசார்ஜ் வெகன் ஆரில் இந்த வேலையை ஸ்டார்ட்டர் செய்வதே இல்லை. ஐ.எஸ்.ஜி. என்ற, ஒல்டனேட்டரும் மோட்டாரும் ஒன்றான கருவி, பெல்ட் மூலம் எஞ்சினைச் சுழற்றி விடுகிறது. காலையில் முதல் தடவை கேட்கும் ஸ்டார்ட்டர் சத்தம் பிறகு கலர் லைட்டில் கேட்காமல் இருப்பது அதனால்தான். எஞ்சினின் உள்ளுறுப்புகளைப் பொறுத்தவரை, சூடேறிய எஞ்சினில் ஒயில் படலம் ஒரு நிமிடத்தில் வடிந்து போய்விடாது. தேய்மானம் அதிகம் ஏற்படுவது விடியற்காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போதுதான்.

இப்போது இரண்டாமவரின் கேள்விக்கு வருவோம். கார் ஏன் சில நேரம் அணைகிறது, சில நேரம் அணையாமல் இருக்கிறது? ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் அது ஒரு நீண்ட பரிசோதனை செய்து பார்த்துவிட்டே முடிவெடுக்கிறது. எஞ்சின் போதிய அளவு சூடேறி விட்டதா? காருக்குள் ஏ.சி. கேட்ட குளிர் வந்துவிட்டதா? சாரதி பெல்ட் போட்டிருக்கிறாரா, கதவும் பொனட்டும் மூடியிருக்கின்றனவா? பிரேக்கை உறுதியாக மிதித்திருக்கிறாரா, அல்லது சும்மா தொட்டுக்கொண்டிருக்கிறாரா? ஸ்டீயரிங் திரும்பியிருக்கிறதா? மேடா, பள்ளமா? பிரேக்குக்கு உதவும் வெற்றிட அழுத்தம் போதுமா? எல்லாவற்றுக்கும் மேலாக, பற்றரியில் இன்னொரு தடவை ஸ்டார்ட் பண்ணும் அளவுக்குச் சக்தி இருக்கிறதா? இதில் ஒன்றுக்கு "இல்லை" என்று விடை வந்தாலும் எஞ்சினை அணைக்காது. கடுகண்ணாவை ஏற்றத்தில் நெரிசலில் மாட்டினால் அணையாது. நுவரெலியாவில் காலைக் குளிரில் புறப்பட்ட கையோடு அணையாது. மதியம் வெயிலில் நிறுத்தி வைத்த காரை எடுத்துக்கொண்டு போகும்போதும், உள்ளே குளிரும்வரை அணையாது. இவை எதுவும் பழுதல்ல.

அணைந்த எஞ்சின், நீங்கள் பிரேக்கை விடாமலே திடீரென ஸ்டார்ட் ஆவதும் இதே காரணங்களினால்தான். சாதாரண பெற்றோல் காரில் ஏ.சி. கொம்பிரஷரை எஞ்சினே பெல்ட்டில் சுழற்றுகிறது. எஞ்சின் நின்றால் கொம்பிரஷரும் நிற்கும், ஃபேன் மட்டும் காற்றைத் தள்ளும். வெகன் ஆரில் இதற்கென்றே ஏ.சி. பெட்டிக்குள் குளிரைச் சேமித்து வைக்கும் ஒரு பொருளை வைத்திருக்கிறார்கள். ஜப்பானுக்கு அது நல்ல ஏற்பாடு. எமது ஏப்ரல் மாத வெயிலுக்கு அது எத்தனை நேரம் ஈடுகொடுக்கும்? ஆகவே எஞ்சின் மீண்டும் எழும்பித்தான் ஆக வேண்டும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். பிரியஸ், அக்குவா போன்ற முழு ஹைபிரிட் கார்களிலும் எஞ்சின் நின்று நின்று ஓடுகிறது. ஆனால் அது வேறு சாதி. அவற்றில் பெரிய ஹைபிரிட் பற்றரி இருக்கிறது, ஏ.சி. கொம்பிரஷரும் மின்சாரத்தில் ஓடுகிறது, எஞ்சின் அணைந்தாலும் குளிர் குறையாது, கார் எஞ்சினின்றியே நகரவும் செய்யும். எனேசார்ஜ் வெகன் ஆரில் முன்பக்கப் பயணி இருக்கைக்குக் கீழே இருக்கும் சிறிய லிதியம் பற்றரி, வேகம் குறையும்போது கிடைக்கும் மின்சாரத்தைச் சேமித்து ரேடியோ, விளக்கு முதலியவற்றுக்குக் கொடுக்கத்தான். இதையும் "ஹைபிரிட்" என்று ஒரே வார்த்தையில் விற்றவர்கள் உண்டு.

சரி, எந்த மேட்டிலும் இல்லை, எஞ்சின் சூடேறி விட்டது, ஏ.சி.யையும் ஓஃப் செய்து பார்த்தாயிற்று, கிழமைக் கணக்கில் ஒருமுறைகூட அணையவில்லை என்றால்? அப்போது முதலில் சந்தேகப்பட வேண்டியது பற்றரியைத்தான். பற்றரி களைத்துப் போனதைச் சாதாரண கார் கடைசி நாளில்தான் சொல்லும், அதுவும் நீங்கள் எங்காவது அவசரமாகப் புறப்படும் காலையில். இந்தக் கார்கள் எத்தனையோ கிழமைகளுக்கு முன்னரே சொல்லிவிடுகின்றன. எச்சரிக்கை இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் டாஷ்போர்டில் வரும் எழுத்து ஜப்பான் பாஷையில். எமது பாதிக் கார்கள் காலையில் எழும்பியதும் வீதிக் கட்டண அட்டை போடவில்லை என்று ஜப்பான் மொழியில் முறைப்பாடு செய்கின்றன, நாமும் அது ஸலாம் சொல்கிறது போல என்று தலையாட்டிவிட்டுப் போகிறோம். இந்தச் செய்தியும் அப்படியே போய்விடுகிறது.

பற்றரியில் என்ன விசேடம்? சாதாரண காரில் பற்றரியின் வாழ்க்கை சொகுசானது. காலையில் ஒரு ஸ்டார்ட், பிறகு நாள் முழுக்க ஒல்டனேட்டர் ஊட்டிக்கொண்டே இருக்கும். இந்தக் கார்களில் நாளைக்கு நாற்பது ஐம்பது ஸ்டார்ட். எஞ்சின் அணைந்திருக்கும் நேரத்தில் விளக்கு, வைப்பர், ஃபேன் போன்றவற்றின் சுமையையும் தாங்க வேண்டும். அதற்கும் மேலாக, பெற்றோலை மிச்சம் பிடிப்பதற்காக ஒல்டனேட்டர் பெரும்பாலும் கார் வேகம் குறையும்போதே சார்ஜ் கொடுக்கிறது. அதனால் பற்றரி ஒருபோதும் வயிறு நிறையச் சாப்பிடுவதில்லை. இப்படி அரைவயிற்றில் வைத்திருந்தால் சாதாரண பற்றரியின் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு அது சார்ஜை ஏற்காது. இதற்காகவே ஈ.எஃப்.பி. என்ற வகையைச் செய்தார்கள். தகடு தடிப்பானது, மேலே பொலியெஸ்டர் துணி போர்த்தியது, சார்ஜைச் சீக்கிரம் உறிஞ்சுவதற்குக் காபன் கலந்தது. ஐரோப்பியக் கார்களில் பெரும்பாலும் வருவது ஏ.ஜி.எம்., அதில் அமிலம் கண்ணாடி நார்ப் பஞ்சில் ஊறியிருக்கும். இரண்டும் விலை கூடியவை.

ஜப்பானியர் இவற்றுக்குத் தனி இலக்கமே கொடுத்திருக்கிறார்கள். கே-42, எம்-42, என்-55, கியூ-85, எஸ்-95 என்று வரும். இதில் கே-42 என்பது அளவில் பழைய பீ19. எம்-42 என்பது பீ20. என்-55 பீ24ஐப் போன்றது, கியூ-85 டீ23ஐப் போன்றது. விடயம் இங்கேதான் இருக்கிறது. அளவு ஒன்றே. தட்டில் வைத்தால் அச்சாகப் பொருந்தும். முனைகளும் அதே இடத்தில். எம்-42 இருந்த இடத்தில் சாதாரண பீ20ஐ வைத்துப் பூட்டினால் கார் நன்றாகவே ஸ்டார்ட் ஆகும். வாடிக்கையாளர் விலை குறைவு என்று சந்தோஷமாகப் போவார். சில மாதம் கழித்து எஞ்சின் அணைவது நிற்கும். அதற்குப் பிறகு பற்றரியே நிற்கும். உத்தரவாதம் கேட்டு வந்தால், "இந்த ஓஃப் ஆகிற காருக்கெல்லாம் வொரண்டி இல்ல" என்பார்கள். விற்கும்போது அது ஓஃப் ஆகும் கார் என்பது தெரியவில்லையா?

எனக்குத் தெரிந்த ஒரு வாடிக்கையாளர் மூன்று வருடத்தில் இப்படி மூன்று பற்றரி வாங்கினார், ஒரே கடையில். நாலாவது தடவைதான் பழைய பற்றரியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். அந்தக் கடைக்காரர் கெட்ட மனிதரல்ல. கூடிய விலையைச் சொன்னால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார் என்ற பயம். அந்தப் பயம் எனக்கும் விளங்குகிறது, எனது கடைக்கும் பக்கத்துக் கடை உண்டு. பஞ்சிகாவத்தையில் கடை போட்டிருக்கும் எவருக்கும் அது தெரியும். ஆனால் இரண்டு விலையையும் சொல்லிவிட்டு, "இது குறைந்த விலை, ஆனால் உங்கள் காரின் அந்த வேலை நிற்கும், ஆயுளும் குறையும்" என்று சொல்ல எத்தனை விநாடி செலவாகிறது? தெரிந்துகொண்டு குறைந்ததை வாங்குபவர் வாங்கட்டும், அது அவரது பணம். அக்கரைப்பற்று வீதியில் ஓடுபவர் அந்த வசதியை ஓஃப் செய்துவிட்டுச் சாதாரண பற்றரியோடு ஓடுவதில்கூட நான் பெரிய பிழை காணவில்லை, ஆயுள் குறையலாம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தால். சொல்லாமல் விற்பதுதான் பிழை. பில்லில் பற்றரியின் இலக்கத்தை எழுதினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். "12 வோல்ட் பற்றரி 1" என்று எழுதிக் கொடுப்பதை நாம் எல்லோரும் நிறுத்த வேண்டும் என்பதே எனது கோரிக்கை.

இன்னொரு முறையும் நடக்கிறது. சரியான பற்றரியையே போடுகிறார்கள், விலையும் வாங்குகிறார்கள், ஆனால் கார் அணைவதில்லை. பல கார்களில் பற்றரியின் மறைமுனையில் ஒரு சென்சர் இருக்கிறது. உள்ளே போகும் மின்சாரத்தையும் வெளியே வரும் மின்சாரத்தையும் அது எண்ணிக்கொண்டே இருக்கும். புதுப் பற்றரி போட்டாலும் கம்பியூட்டரிடம் இருப்பது பழைய பற்றரியின் கணக்கு. அதை ஸ்கேனர் மூலமோ, அந்தந்தக் காருக்குரிய முறையிலோ அழித்துப் புதிதாகத் தொடங்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, "கொஞ்ச நாள் ஓடினாச் சரியாகும்" என்று அனுப்பிவிடுவார்கள். சில கார்களில் சரியாகும், சிலவற்றில் ஆகாது. அதேபோல, பற்றரி இறங்கிப்போய் வேறு காரிலிருந்து வயர் போட்டு ஸ்டார்ட் பண்ணும்போது கறுப்பு வயரைப் பற்றரியின் மறைமுனையில் நேராக மாட்டாமல் எஞ்சினின் இரும்பில் அல்லது பொடியில் மாட்டுவதே நல்லது. முனையில் மாட்டினால் சென்சருக்குத் தெரியாமல் மின்சாரம் உள்ளே போய்க் கணக்குக் குழம்பிவிடும்.

வெட்டி விடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொனட் சுவிட்சின் வயரைக் கழற்றிவிட்டால் பொனட் திறந்திருப்பதாகக் கார் நினைக்கும், எஞ்சினை அணைக்காது. கராஜ்களில் செய்யும் கைவேலை இது. டாஷ்போர்டில் ஓஃப் பட்டன் இருக்கும்போது ஏன் இந்த வேலை? காரை அணைத்து மறுபடி எடுத்தால் அந்தப் பட்டன் பழைய நிலைக்குத் திரும்பிவிடும், ஒவ்வொரு தடவையும் அமுக்க வேண்டும், அதுதான் சோம்பல். கழற்றிய வயரை வாங்குபவரிடம் சொல்வாரா? சொல்ல மாட்டார். ஓஃப் பட்டனுக்கு உரிய இடங்கள் இருக்கவே செய்கின்றன. மழை வெள்ளம் நிறைந்த வீதி, ரயில் கடவை, கார் ஓரடி ஈரடியாக ஊர்ந்து நிற்கும் நெரிசல், பார்க்கிங்கில் பின்னெடுக்கும் நேரம். இந்த இடங்களில் நானே அமுக்குவேன். மற்றது, எஞ்சின் தானாக அணைந்திருக்கும்போது கியரை டீயிலேயே வைத்துவிட்டுக் காரிலிருந்து இறங்கவே கூடாது. சத்தமில்லை என்பதற்காகக் கார் அணைந்துவிட்டதாக அர்த்தமல்ல. அது காத்துக்கொண்டிருக்கிறது. கடை வாசலில் நிறுத்திச் சாமான் எடுக்க இறங்கும் பழக்கம் எம்மவர் பலருக்கு உண்டு. முதலில் பீக்குப் போட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, பட்டனை அமுக்கி முற்றாக அணைத்துவிட்டு இறங்குங்கள்.

இவ்வளவையும் இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருடமும் 2014, 2015 மாதிரிக் கார்களே கைக்குக் கை மாறின. பலவற்றுக்கு இப்போது மூன்றாவது, நான்காவது சொந்தக்காரர். முதல் வந்த பற்றரி எதிலும் இல்லை. என்ன பற்றரி போட்டிருக்கிறது, எதைக் கழற்றியிருக்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. மகளின் கலியாணத்துக்குச் சேர்த்த காசிலும், லீசிங்கிலும் வாங்கும் கார் இது.

எனவே பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் பகலில் போங்கள், காரைப் பதினைந்து இருபது நிமிடம் ஓட்டிப் பாருங்கள். எஞ்சின் சூடேறியதும் ஏ.சி.யை ஓஃப் செய்து, பெல்ட்டைப் போட்டு, சமதரையில் பிரேக்கை உறுதியாக மிதித்து நிறுத்துங்கள். அணைகிறதா, எத்தனை நேரம் அணைந்திருக்கிறது, எழும்பும்போது இழுக்கிறதா என்று பாருங்கள். அணையாவிட்டால் "பட்டன் அமுக்கியிருக்கு" என்பார்கள். பட்டனை விடுவித்துவிட்டு மீண்டும் ஓட்டுங்கள். பிறகு பொனட்டைத் திறந்து பற்றரியின் முதுகில் உள்ள இலக்கத்தைப் படியுங்கள். கே-42, எம்-42 என்று எழுதியிருக்க வேண்டிய இடத்தில் வேறொன்று இருந்தால், அதற்குரிய சரியான பற்றரியின் விலையை வெளியே விசாரித்துக் கார் விலையில் கழித்துப் பேசுங்கள். எனேசார்ஜ் கார் என்றால் இருக்கைக்குக் கீழே உள்ள லிதியம் பற்றரியையும் ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், அது பற்றரிக் கடையில் எடுத்துக் கொடுக்கும் சாமானல்ல. இதையெல்லாம் முற்பணம் கொடுப்பதற்கு முன்னர் செய்ய வேண்டும்.